சக்கரம் கழற்றிய சைக்கிள்

ஜெனிட்டா மாஸ்டருக்கு முப்பத்து மூன்று வயது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த துளசிமணிக்கு ஐம்பத்தொன்று. இருவரில் யார் குரு என்று கேட்டால், கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் தப்பாகத்தான் சொல்வார்கள்.

கோவைக்கு வெளியே, ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் மாஸ்டரின் கடை. பந்தய சைக்கிள்களைப் பழுது பார்ப்பதும், விடிகாலையில் பெண் பிள்ளைகளை ரோட்டில் ஓட்டப் பழக்குவதும் அவர் வேலை. துளசிமணியின் மகள் மோனிஷா அவரிடம் ஐந்து வருடம் பழகியவள். வீட்டில் இருக்கும் ஒரே அலமாரியில் துணிக்கு இடமில்லாமல் கோப்பைகளாக வாங்கி அடுக்கியவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அது நடந்தது.

இரண்டு பேர் ஒன்றாக ஓட்டும்போது, பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளின் சக்கரத்தை ஒட்டியே வருவாள். ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். காற்று முன்னவளை அடிக்கும், பின்னவள் அந்த மறைவில் சுலபமாக வருவாள். ஆனால் பின்னவளுக்கு ரோடு தெரியாது. குழி இருந்தால் முன்னவள் விரலைக் கீழே காட்ட வேண்டும். நிற்பதென்றால் கையை விரித்துக் காட்ட வேண்டும். அந்தக் கைதான் பின்னவளுக்குக் கண்.

அன்று மோனிஷா முன்னால் போனாள். அவள் சிநேகிதி அபிநயா பின்னால் வந்தாள். ஒரு நாய் குறுக்கே ஓடியது. மோனிஷாவின் இரண்டு கைகளும் பிரேக்குக்குப் போய்விட்டன. காட்டுவதற்குக் கை மிச்சமில்லை. அபிநயாவின் முன் சக்கரம் மோனிஷாவின் பின் சக்கரத்தில் உரசியது. அவள் வலது பக்கமாக விழுந்தாள். வலது பக்கம் லாரி வந்துகொண்டிருந்தது.

மோனிஷாவுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அதிலிருந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுவாள். எழுப்பினால் குளிப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரைக்குத் தூங்குவாள். "எப்படியாவது உடம்பு அசையணும்மா" என்று டாக்டர் சொன்னார். வாசல் தாண்ட மாட்டேன் என்கிறவளின் உடம்பை எப்படி அசைப்பது என்று அவர் சொல்லவில்லை.

துளசிமணி மாஸ்டரின் கடைக்கு வந்தாள்.

"மாஸ்டர், உங்ககிட்ட ஸ்டாண்டு ஒண்ணு இருக்குதாமா. வீட்டுக்குள்ளயே வெச்சு ஓட்டறது."

"டிரெய்னர். இருக்குதுங்க்கா."

"வந்து அவ வண்டியை மாட்டிக் குடுங்க. ரோட்டுக்குப் போக வேண்டாம். லாரி வராது, நாய் வராது. பின்னாடி யாரும் வர மாட்டாங்க. ஏறி உக்காந்து மிதிச்சாப் போதும். சோறாவது இறங்குமுங்க."

மாஸ்டர் ஒரு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. மாட்ட நான் வரலைங்க்கா."

"ஏனுங்க? நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?"

"நான் வந்தா எனக்குப் பயந்து ஏறுவா. ஒரு நாள்."

"ஒரு நாள் ஏறினாலும் போதுமுங்க."

"போதாதுங்க்கா."

"அப்புறம் யாருதான் மாட்டறது?"

மாஸ்டர் எண்ணெய்த் துணியை அவள் மடியில் போட்டார்.

"சேலையைத் தூக்கிச் சொருகிட்டு வாங்க."

தையல் மிஷினில் நூல் அறுந்தாலே பதறிப்போகிறவள் துளசிமணி. ஆனாலும் சேலையைச் சொருகினாள்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் பை தைக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும். திரும்ப எட்டு மணியாகும். அதனால் காலையில் சமையலை முடித்து, மகளுக்கு ஊட்டிவிட்டு, பத்தரைக்குக் கடைக்கு வந்துவிடுவாள். ஒரு மணி வரை படிப்பு.

இந்த டிரெய்னரில் வண்டியை மாட்ட, முதலில் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரம் இருந்த இடத்தில் டிரெய்னர் உட்கார்ந்துகொள்ளும். அதன் பல்சக்கரத்தில் வண்டியின் செயினை ஏற்றி, நடுவில் அச்சைச் செருகி முறுக்கினால் முடிந்தது. மிதித்தால் உள்ளே ஒரு கனமான உருளை சுற்றும். கால் ஓடும், வண்டி ஓடாது.

சொல்லும்போது சுலபம். முதல் நாள் துளசிமணி சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள். செயின் பெரிய பல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுக்க, அது சுருண்டு, மடங்கி, விரலைக் கடித்தது.

"என்னங்க்கா, இடியாப்பம் பிழிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார் மாஸ்டர்.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க மாஸ்டர்."

"கழட்டறதுக்கு முன்னால செயினைச் சின்னப் பல்லுக்குக் கொண்டாங்க. தளர்ந்தாத்தான் விடும்."

இரண்டாம் நாள் செயினைத் தளர்த்தினாள், அச்சைத் தொலைத்தாள். அது அவள் இடுப்பிலேயே சொருகியிருந்தது. நான்காம் நாள் டிரெய்னரின் காலை விரிக்காமல் வண்டியை ஏற்றினாள். வண்டியும் டிரெய்னரும் மாஸ்டர் மேல் சாய்ந்தன.

"என்மேல என்ன கோவமிருந்தாலும் வாயிலயே சொல்லியிருக்கலாமுங்க்கா" என்றார் மாஸ்டர், கீழே கிடந்தபடியே.

துளசிமணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்துபோனாள். வீட்டில் ஒருத்தி அப்படிக் கிடக்கும்போது இங்கே பல்லைக் காட்டுகிறோமே என்று நாள் முழுக்க உறுத்தியது.

பத்தாம் நாளுக்குமேல் கை பழகிவிட்டது. பயம்தான் பழகவில்லை. அச்சை முறுக்குவாள். நாலு அடி தள்ளிப் போவாள். திரும்பி வந்து இன்னொரு முறுக்கு முறுக்குவாள். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற கை அது. மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவள் முறுக்க முறுக்க, கையில் எதிர்ப்பே இல்லாமல் அச்சு சும்மா சுற்றியது.

"மாஸ்டர், பிடிக்க மாட்டேங்குதுங்க."

"அச்சோட மரை தேஞ்சு போயிருச்சு. எத்தனை தடவை முறுக்குனீங்க?"

"கழண்டுக்குமோன்னு..."

"கழண்டுச்சுங்களா?"

"இல்லைங்க."

"இப்ப?"

மாஸ்டர் உள்ளே போய் இன்னொரு அச்சை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரியாக மாட்டி முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"நான் இதே மாதிரி மாட்டி வெச்சேன்னா, அவ ஏறுவாளுங்களா?"

மாஸ்டர் ஸ்பானரைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"வண்டி மாட்டத்தான் எனக்குத் தெரியுமுங்க்கா."

டிரெய்னரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். "என்னங்கம்மா, புது கிரைண்டருங்களா? கல்லைக் காணோம்?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

மோனிஷா படுத்திருப்பது உள் அறையில். வண்டி முன் அறையில் இருந்தது, எட்டு மாதமாகச் சுவரில் சாய்ந்தபடி. துளசிமணி பின் சக்கரத்தைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கீழே பழைய ஜமக்காளத்தை விரித்தாள். டிரெய்னரின் காலை விரித்தாள். செயினை ஏற்றினாள். அச்சைச் செருகி ஒரே ஒரு தடவை முறுக்கினாள். வயர் பிளக்கில் மாட்டியதும் டிரெய்னரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே போய் மகளின் முதுகுப் பக்கம் உட்கார்ந்தாள்.

"கண்ணு, வண்டியை மாட்டிட்டேன். நானேதான் மாட்டினேன். என் கையைப் பாரு, எப்படிக் கருத்துப் போச்சுன்னு."

மோனிஷா திரும்பவில்லை.

"எடுத்துரும்மா" என்றாள் சுவரிடம்.

எடுக்கவில்லை.

எவ்வளவு தூரம் மிதித்தாள் என்பதை அந்த டிரெய்னரே போனுக்குச் சொல்லிவிடும். மாஸ்டர் அதைத் துளசிமணியின் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். கம்பெனியில் பை தைத்துக்கொண்டே அவள் போனை எடுத்துப் பார்ப்பாள். பூஜ்ஜியம். டீ நேரத்தில் பார்ப்பாள். பூஜ்ஜியம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன் பார்ப்பாள்.

பெரிதாக எதையும் அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு சுற்று. கால் தவறிப் பட்டு மிதி ஒரு தடவை சுற்றினால்கூடப் போதும் என்று வேண்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைத்து, ஹேண்டில்பாரில் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றினாள். காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்பும் அவள் கணவர் செல்லமுத்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆயுத பூசைக்கு இன்னும் நாளிருக்குது புள்ள."

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை துளசிமணி கடைக்கு ஓடுவாள்.

"மாஸ்டர், முன் சக்கரம் தாழ்ந்து நிக்குதுங்க. அதனாலதான் ஏற மாட்டேங்கறாளோ?"

மாஸ்டர் முன் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு கட்டை கொடுத்தார்.

"சீட்டு கல்லு மாதிரி இருக்குதுங்க."

மெத்தை வைத்த சீட்டு கொடுத்தார்.

"ஜன்னலைப் பாத்துத் திருப்பி வெச்சா என்னங்க?"

"வைங்க."

"ஜன்னல்ல ரோடு தெரியுதுங்க. சுவரைப் பாத்து வைக்கட்டுமா?"

"வைங்க."

"எதைக் கேட்டாலும் வைங்க வைங்கன்னா எப்படிங்க மாஸ்டர்?"

"நீங்க கேக்கறதெல்லாம் வண்டியைப் பத்திங்க்கா."

நாற்பது நாள் போயிற்று. மோனிஷா சாப்பிடுவது ஒரு வேளையாகக் குறைந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தலை வாரிவிடும்போது சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. துளசிமணி அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள். ஈரத்துணி காய்வது மாதிரி, கண் முன்னாலேயே மகள் லேசாகிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலை அவள் மாஸ்டருக்குப் போன் செய்தாள்.

"வந்து எடுத்துட்டுப் போயிருங்க. வண்டியையும் சேத்து. வேற பிள்ளைக்காவது ஆகட்டும்."

"என்ன ஆச்சுங்க்கா?"

"ஒண்ணும் ஆகலைங்க மாஸ்டர். அதுதானுங்க. ஒண்ணுமே ஆகலை. அந்தப் பூஜ்ஜியத்தை என்னால இனிப் பாக்க முடியாது."

அன்று பதினொரு மணிக்கு மாஸ்டர் முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வந்தார். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். அங்கே போகவில்லை. முன் அறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே கழட்டுங்க்கா."

துளசிமணி செயினைத் தளர்த்தினாள். அச்சை உருவினாள். வண்டியைத் தூக்கினாள். எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. சாக்கை அவிழ்த்துப் பின் சக்கரத்தை எடுத்து, வண்டியின் பின்னால் நுழைத்தாள். நுழையவில்லை. திருப்பிப் பிடித்து நுழைத்தாள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டு எதிலோ இடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது.

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள்.

"பத்தொன்பது நாள் கத்துக் குடுத்தீங்க. அதுவும் மறந்து போச்சு. நான் எதுக்குத்தான் ஆகப்போறேன்? பெத்தது தேறலை, படிச்சது தேறலை."

"நகருங்க்கா. பாக்கறேன்."

மாஸ்டர் போனில் டார்ச் அடித்து, சக்கரம் உட்காரும் இடத்துக்குள் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"யாரு பிரேக் பிடிச்சது?"

"யாருமில்லைங்க. யாரும் வண்டியைத் தொடறதே இல்லை."

"நீங்க?"

"வெள்ளிக்கிழமை துடைப்பேன். பிரேக்கை எதுக்குங்க நான் பிடிக்கறேன், ஓடாத வண்டிக்கு?"

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாருங்க."

மாஸ்டர் அவளை அருகில் கூப்பிட்டு வெளிச்சத்தைக் காட்டினார். உள்ளே இரண்டு சின்னத் துண்டுகள், உதடுகள் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன.

"பிரேக் பிடிச்சா இது ரெண்டும் அந்தத் தட்டைக் கவ்வும். விட்டா விலகிக்கும். இப்பச் சக்கரம் இல்லை, நடுவுல தட்டு இல்லை. பிடிக்கப் பிடிக்க ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வரும். திரும்பிப் போகாது."

"ஒரு தடவை கை பட்டிருக்கும்."

"ஒரு தடவை, ரெண்டு தடவைக்கு இப்படி ஒட்டாதுங்க்கா."

"அப்ப எத்தனை தடவைங்க?"

"நெறைய."

துளசிமணி போனை எடுத்துப் பார்த்தாள். பூஜ்ஜியம். மிதி ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. உள் அறைக் கதவைப் பார்த்தாள். இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்த வீட்டில் இருப்பது ஒருத்திதான்.

அப்படியானால் அவள் எழுந்து வந்திருக்கிறாள். சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மிதிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். விட்டுவிட்டு மறுபடி பிடித்திருக்கிறாள். பிறகு இறங்கி, போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறாள்.

துளசிமணி ஜமக்காளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள், சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று.

"நாய் இன்னும் குறுக்கே ஓடிட்டுத்தான் இருக்குதுங்க அவளுக்கு" என்றாள். "அபி இன்னும் பின்னாலயே வந்துட்டிருக்கா. நான் அவளுக்கு வண்டி மாட்டலைங்க மாஸ்டர். அந்த ரோட்டைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்."

மாஸ்டர் டார்ச்சை அணைத்தார்.

"எதுக்குங்க அப்படிப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கறா? அன்னைக்குப் பிடிக்காம இருந்திருக்கலாம்னா? மெதுவாப் பிடிச்சிருக்கலாம்னா?"

"தெரியலைங்க்கா."

"நீங்க அஞ்சு வருசம் பழக்குனவங்க. உங்களுக்கே தெரியலையா?"

"தெரியலைங்க்கா. நான்தான் அவளை முன்னால போகச் சொல்லி அனுப்புனேன்."

அதை மாஸ்டர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்து மூன்று வயது முகம். இத்தனை மாதமாக அதுவும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

மாஸ்டர் பையிலிருந்து தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்றை எடுத்தார். அதை ஒட்டிய துண்டுகளுக்கு நடுவில் மெல்ல நுழைத்து, அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று அழுத்தினார். அவசரப்படவில்லை. இரண்டும் விலகின. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"இப்பச் சக்கரம் போகும். மாட்டி எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

துளசிமணி சக்கரத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போயிட்டா, அவ எங்கிங்க போய் உக்காருவா?"

எழுந்தாள். சக்கரத்தை மறுபடி சாக்கில் சுற்றினாள். வண்டியைத் தூக்கி டிரெய்னரில் வைத்து, செயினை ஏற்றி, அச்சைச் செருகினாள். மாஸ்டர் உதவிக்குக் கை நீட்டவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

முடித்துவிட்டு மாஸ்டரின் பைக்குள் எட்டிப் பார்த்தாள். நெம்புகோலுக்குப் பக்கத்தில் மஞ்சளாக, விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடந்தது.

"இது என்னங்க?"

"சக்கரம் இல்லாதப்ப அந்த நடுவுல செருகி வைக்கறது. செருகிட்டா, எத்தனை தடவை பிடிச்சாலும் மூடாது."

"அன்னைக்கே இதைக் குடுத்திருக்கலாமேங்க?"

"மறந்துட்டேனுங்க்கா."

"இப்பவாவது செருகுங்க. அவ பிடிச்சா ஒண்ணும் ஆகாம இருக்கட்டும். இன்னொரு தடவை இப்படி ஒட்டிக் கிடக்கறதை என்னால பாக்க முடியாதுங்க மாஸ்டர்."

மாஸ்டர் மஞ்சள் துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்து அவள் முன்னால் நீட்டினார்.

"எடுத்துச் செருகுங்க. அப்புறம் மூடாது. நாளைக்கு அவ எந்திரிச்சு வந்தாளா இல்லையான்னு, எதைப் பாத்துங்க்கா தெரிஞ்சுக்குவீங்க?"

துளசிமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.